சிகிச்சைக்காக வெளியூர் செல்வோர் எங்கே தங்குவது?

பரிந்துரைக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எங்கள் உதவி மேசைக்கு வரும் குடும்பத்தார் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: “அங்க போயி எங்கீங்க தங்கறது?” செல்ல வேண்டிய மருத்துவமனையின் பெயரும் துறையும் நாளும் கடிதத்தில் இருக்கும். தங்குமிடம் மட்டும் இராது. அதை அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, கையில் பையும் தோளில் நோயாளியுமாகத் தேடிக்கொள்கின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் செக்கிங் வேலை பார்த்துவந்த தாய் ஒருவருக்கு வெளியூரில் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை தொடங்கியது. உடன் சென்ற மகன், பேருந்து நிலையத்தின் அருகே வாடகை குறைந்த அறை ஒன்றை எடுத்தார். அவ்வறைக்கும் மருத்துவமனைக்கும் ஏழு கிலோமீட்டர். மருந்து ஏற்றிய எட்டாம் நாள் பின்னிரவில் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் மாடியிலிருந்து படிகளில் அவரை இறக்கி, ஆட்டோ தேடி, அவசரப் பிரிவை அடைய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அவர் நலமடைந்து ஊர் திரும்பினார். ஆனால் மகன் எங்களிடம் சொன்ன சொல் இன்றும் நினைவில் நிற்கிறது: “ரூம் சல்லிசாத்தான் கெடச்சுதுங்க. அது எத்தனை தூரம்னு அன்னிக்கு ராத்திரிதானுங்க தெரிஞ்சுது.”

அவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் நாங்களே. மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்று சொன்னோம்; எந்தப் பகுதியில் தங்குவது என்று சொல்லவில்லை. அக்குறையை நீக்கவே இப்பாடத்தை எழுதுகிறோம். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கேயம், தாராபுரம், உடுமலை ஆகிய ஊர்களிலிருந்து சிகிச்சைக்கோ பரிசோதனைக்கோ சில நாட்கள் வெளியூர் செல்ல நேரும் குடும்பங்களுக்கு இது பயன்படும்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஊர் பார்க்கப் போகிறவர் இரயில் நிலையத்திலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் தொலைவை அளக்கலாம். நோயாளியோடு போகிறவர் மருத்துவமனையின் வாயிலிலிருந்து, நோயாளி மிகவும் தளர்ந்திருக்கும் வேளையை எண்ணி அளத்தல் வேண்டும்.

முதற்படி: தங்கத்தான் வேண்டுமா?

திருப்பூரிலிருந்து கோயம்புத்தூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். ஒரே ஒரு ஆலோசனைக்கோ ஸ்கேன் எடுப்பதற்கோ அங்குச் செல்பவர் காலையில் சென்று மாலையில் திரும்பிவிடலாம். வீட்டுப் படுக்கையும் வீட்டு உணவும் எந்த விடுதியிலும் கிடைப்பதில்லை. ஆகவே, முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி மூன்று செய்திகளை அறிந்துகொள்ளுங்கள். பரிசோதனைகள் ஒரே நாளில் முடியுமா? வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க எத்தனை மணிக்கு வர வேண்டும்? அறுவைச் சிகிச்சையாயின் மறுநாள் காலை மீண்டும் காட்ட வேண்டுமா?

மறுநாள் காலை காட்ட வேண்டுமென்றால் ஓரிரவு தங்குவது நல்லது. கதிர்வீச்சுச் சிகிச்சை போல வாரத்திற்கு ஐந்து நாள், பல வாரங்கள் நீள்வதாயின் நிலைமை வேறு. தொடக்க நாட்களில் வீட்டிலிருந்தே சென்றுவருவது எளிதாகத் தோன்றும். நாள் செல்லச் செல்ல உடல் தளரும். அப்பொழுது எங்கே தங்குவது என்பதை முதல் வாரத்திலேயே யோசித்து வைத்திருத்தல் வேண்டும்.

அதேபோல், பக்கத்திலேயே கிடைக்கும் சிகிச்சைக்குத் தொலைவூர் செல்ல வேண்டியதில்லை. மதுரையில் 1976-ஆம் ஆண்டு 11 படுக்கைகளுடன் தொடங்கப்பெற்ற அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கோயம்புத்தூர் அவிநாசி சாலையிலும் மருத்துவமனை உண்டு. தாய்மருத்துவமனைக்குத்தான் செல்ல வேண்டுமா, கிளையிலேயே முடியுமா என்பதை மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டால் இரண்டு இரவுத் தங்கல் மிச்சமாகலாம்.

இரண்டாம் படி: எந்த வாயிலிலிருந்து அளப்பது?

பெரிய மருத்துவமனைகள் இன்று ஒரே கூரையின் கீழ் இல்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இதற்கு நல்ல சான்று. 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த அந்நிறுவனத்தின் பழைய மருத்துவமனை வேலூர் நகருக்குள், ஐடா ஸ்கடர் சாலையில் இருக்கிறது. மனநல மையம் நகருக்கு வெளியே பாகாயத்தில் இருக்கிறது. 2022-இல் இராணிப்பேட்டை வளாகம் திறக்கப்பெற்றது; அது சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி நகரிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி உள்ளது. விபத்துச் சிகிச்சை மையம் உள்ளிட்ட பல துறைகள் அங்கேதான் இயங்குகின்றன. ‘வேலூர் சி.எம்.சி.’ என்று மட்டும் தெரிந்துகொண்டு நகருக்குள் அறை எடுத்தவர், தமக்குரிய துறை இராணிப்பேட்டை வளாகத்தில் இருப்பதை மறுநாள் காலையில் அறிந்தால் ஒரு நாளே வீணாகும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அத்தகையதே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பெற்ற அந்நிறுவனத்திற்குக் காந்தி நகரில் ஒரு வளாகமும் சர்தார் பட்டேல் சாலையில் ஒரு வளாகமும் உண்டு. ஆகையால், முன்பதிவுச் சீட்டில் வளாகத்தின் பெயரையும் கட்டடத்தின் பெயரையும் தேடிப் படியுங்கள். அச்சிடப்பெறவில்லையாயின் தொலைபேசியில் கேட்டு அச்சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அதன் பிறகே அறை தேடுங்கள்.

மூன்றாம் படி: யாருடைய கால்களால் அளப்பது?

விடுதிக்காரர் ‘பக்கத்தில்தான்’ என்பார். கைப்பேசி வரைபடம் ‘ஒரு கிலோமீட்டர்’ என்று காட்டும். இரண்டும் நலமாக இருப்பவரின் கால்களால் அளந்த அளவுகள். மூட்டு அறுவை முடிந்தவருக்கு 200 மீட்டரும் தொலைவே. இடையில் இரயில் பாதையோ அகன்ற நெடுஞ்சாலையோ இருந்தால், நேர்கோட்டில் அருகிலிருக்கும் விடுதிக்கும் சுற்றிச் சுற்றியே செல்ல நேரிடும்.

தொலைவை மூன்று வேளைகளுக்கு அளந்து பாருங்கள். முதலாவது, விடியற்காலை. வெறும் வயிற்றோடு ஆறு மணிக்கு இரத்தம் கொடுக்கச் செல்லும் நீரிழிவு நோயாளி நெடுந்தூரம் அலைந்தால் சர்க்கரை அளவு இறங்கி மயக்கமுறக்கூடும். இரண்டாவது, சிகிச்சை முடிந்து திரும்பும் வேளை. மருந்தின் அயர்வும் வாந்தியும் வலியும் அப்பொழுதுதான் மிகும். மூன்றாவது, நள்ளிரவு. இதுவே மூன்றிலும் முதன்மையானது.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும் காலம் ஒன்று உண்டு. பொதுவாக அது மருந்து ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள் வரும். அப்பொழுது உடல்வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டாலே விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நோயாளியை அழைத்துக்கொண்டு பதினைந்து நிமிடத்தில் அவசரப் பிரிவை அடைய முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதெனின் அவ்வறை எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்களுக்கு உரியதன்று.

நான்காம் படி: வாடகையையன்று, நாட்செலவைக் கணக்கிடுக

நம் பகுதியில் பனியன் நிறுவனத் தொழிலாளர் பலர் சனிக்கிழமை தோறும் கூலி வாங்குபவர். நோயாளியோடு ஒருவர் வெளியூர் சென்றால் அந்த வாரக் கூலியும் நின்றுபோகும். ஆகவே செலவைச் சுருக்க வேண்டுமென்று நினைப்பது இயல்பே. ஆனால் வாடகை ஒன்றை மட்டும் பார்த்துச் சுருக்கினால் செலவு வேறு வாயிலால் வெளியேறும்.

ஒரு கணக்குக்காக இவ்வாறு கொள்வோம். ‘அ’ விடுதி மருத்துவமனைக்கு நான்கு கிலோமீட்டர். நாள் வாடகை 500 ரூபாய். ‘ஆ’ விடுதி நடந்துசெல்லும் தொலைவு. நாள் வாடகை 850 ரூபாய். ஆட்டோவுக்கு ஒருமுறைக்கு 120 ரூபாய் ஆகிறது. நோயாளியை அழைத்துச் செல்ல ஒருமுறை, திரும்ப ஒருமுறை. மறந்த கோப்பையோ மாற்றுடையையோ எடுத்துவரப் போக ஒருமுறை, வர ஒருமுறை. நாளொன்றுக்கு நான்கு முறை, 480 ரூபாய். ‘அ’ விடுதியின் உண்மையான நாட்செலவு 980 ரூபாய். ‘ஆ’ விடுதியின் நாட்செலவு 850 ரூபாய்தான். ஐந்து நாள் தங்கினால் 650 ரூபாய் ‘ஆ’ விடுதியிலேயே மிச்சம். இதில் நோயாளியின் அலைச்சல் சேரவில்லை. துணையிருப்பவரின் உறக்கமும் சேரவில்லை. உங்கள் ஊர், உங்கள் விடுதி, உங்கள் ஆட்டோக் கட்டணம் ஆகியவற்றை இட்டு இக்கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

கணக்கு எப்பொழுதும் இப்படியே முடியும் என்று நாங்கள் சொல்லவில்லை. நேரடி நகரப் பேருந்து ஓடும் வழியில் உள்ள அறை சற்றுத் தொலைவானாலும் சிக்கனமாக அமையலாம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். துணையிருப்பவர் பெரும்பாலும் தாயாகவோ மனைவியாகவோ மகளாகவோ இருப்பதால் இது பெரிய உதவி. ஆயினும் துணையாளரின் போக்குவரத்துக்குத்தான் இக்கணக்கு பொருந்தும். தளர்ந்த நோயாளியை நெரிசல் மிகுந்த பேருந்தில் ஏற்றலாகாது.

இன்னொன்றையும் மறவாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை சிகிச்சைச் செலவுக்கு உரியது. துணையாக வருபவரின் அறை வாடகைக்கு அது உதவாது. அத்தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: ஊருக்கேற்ற பகுதி

இனி, நம் பகுதி மக்கள் மிகுதியாகச் செல்லும் நான்கு நகரங்களுக்கு இம்முறையைப் பொருத்திப் பார்ப்போம்.

*கோயம்புத்தூர்.* அவிநாசி வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறியவர் பழக்கத்தால் காந்திபுரம் வரை சென்று அங்கேயே அறை எடுக்கிறார். பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., அரவிந்த் ஆகிய மருத்துவமனைகள் அவிநாசி சாலையிலேயே, நாம் நகருக்குள் நுழையும் பக்கத்தில் இருக்கின்றன. அம்மருத்துவமனைகளைத் தாண்டிப் போய்த் தங்கிவிட்டு, மறுநாள் அதே சாலையில் திரும்பி வருவது வீண் அலைச்சல். இவற்றுக்குச் செல்வோர் பீளமேடு, ஹோப் காலேஜ், சித்ரா ஆகிய நிறுத்தங்களை ஒட்டித் தேடலாம். பேருந்து அந்நிறுத்தத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திருச்சி சாலையில், இரயில் நிலையத்திற்குப் பக்கத்தில் உள்ளது. அதற்கு இரயிலில் செல்வதே எளிது. இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள கீதா ஹால் சாலை விடுதிகள் நிறைந்தது. அங்கிருந்து மருத்துவமனை தொலைவில்லை. தொழிலாளர் காப்பீட்டு அட்டை வைத்திருப்போர் செல்லும் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சிங்காநல்லூர்ப் பக்கத்தில் உள்ளது. பல்லடம், சூலூர் வழியாகச் சென்று சிங்காநல்லூரில் இறங்குவதே அதற்கு நேர்வழி. எலும்பு முறிவுச் சிகிச்சைக்குப் பலர் நாடும் கங்கா மருத்துவமனை மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கிறது. அதற்குச் சாயிபாபா காலனிப் பகுதி ஏற்றது. ஒரே நகரம், ஆறு மருத்துவமனைகளுக்கு நான்கு பகுதிகள். ‘கோவையில் தங்க நல்ல இடம் எது?’ என்னும் கேள்விக்கு ஒரே விடை இல்லை என்பது இதனால் விளங்கும்.

*வேலூர்.* திருப்பூரிலிருந்து சென்னை செல்லும் சேரன், நீலகிரி விரைவு இரயில்கள் காட்பாடியை அடைவது விடியலுக்கு முந்திய இருளில். காட்பாடி நிலையம் பாலாற்றின் வடகரையில். மருத்துவமனை தென்கரையில், ஏழு கிலோமீட்டர் அளவில். அந்நேரத்தில் நிலையத்து வாயிலில் ‘நல்ல ரூம் இருக்கு’ என்று அழைப்பவரைப் பின்தொடராதீர்கள். காத்திருப்பு அறையில் அமர்ந்து வெளிச்சம் வந்தபின் புறப்படலாம். நோயாளிக்கு அது இயலாதென்றால் பகல் இரயிலான கோவை எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்து, அறையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி சாலை, பாபுராவ் தெரு முதலிய தெருக்களில் விடுதிகள் நெருங்கியுள்ளன. வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து வருவோர் நெடுநாள் தங்குவதால், வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதப்பெற்ற பலகைகளை அங்குக் காணலாம். பல விடுதிகளில் சமையல் செய்துகொள்ள வசதியும் உண்டு. பத்து நாளுக்கு மேல் தங்குவோர்க்குக் கஞ்சியும் இரசமும் தாமே வைத்துக்கொள்வது உடலுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது. ஆனால் அத்தெருக்கள் குறுகியவை, இரைச்சல் மிகுந்தவை. சாலையைப் பார்த்த அறையைத் தவிர்த்து உட்புற அறையைக் கேளுங்கள். இராணிப்பேட்டை வளாகத்திற்குச் செல்வோர் அவ்வளாகத்தை ஒட்டியே தேட வேண்டும்.

*சென்னை.* இங்குத்தான் பழக்கம் நம்மை மிகுதியாக ஏமாற்றுகிறது. ‘சென்னை என்றால் எழும்பூர் அல்லது திருவல்லிக்கேணி’ என்று கருதி அறை எடுப்போர் பலர். இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குச் செல்வோர்க்கு அது சரி. அம்மருத்துவமனை சென்ட்ரல் இரயில் நிலையத்தின் எதிரிலேயே உள்ளது. பெரியமேடு, பூங்கா நகர்ப் பகுதிகளும் எழும்பூரும் அதற்கு அருகானவை. எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்கும் அரசு கண் மருத்துவமனைக்கும் எழும்பூரே சரி. அங்குள்ள கென்னட் சந்து முதலிய இடங்களில் விடுதிகள் பல.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வோர் எழும்பூரில் தங்கினால் ஒவ்வொரு நாளும் நகரத்தின் நெரிசலை இருமுறை கடக்க வேண்டும். காந்தி நகர், கோட்டூர்புரம், அடையாறு ஆகிய பகுதிகளில் தேடுவதே முறை. பூங்கா நகரிலிருந்து கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர் வழியாகப் பறக்கும் இரயில் செல்கிறது. கட்டணம் குறைவு, ஆனால் நிலையங்கள் உயரத்தில் அமைந்தவை. ஏறி இறங்க நோயாளிக்கு இயலுமா என்று பாருங்கள். சங்கர நேத்ராலயாவுக்குச் செல்வோர் நுங்கம்பாக்கத்திலும், ஓமந்தூரார் வளாகத்துப் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனைக்குச் செல்வோர் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம் பகுதிகளிலும் தேடலாம்.

*மதுரை.* திருப்பூரிலிருந்து தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகச் செல்லும் பேருந்து மதுரையின் மேற்கே ஆரப்பாளையத்தில் நிற்கும். அரவிந்த் கண் மருத்துவமனையோ நகரின் மறுபக்கம், வைகையின் வடகரையில் உள்ள அண்ணா நகரில் இருக்கிறது. இரயில் நிலையத்தையும் மீனாட்சியம்மன் கோயிலையும் சூழ்ந்த தெருக்களில் விடுதிகள் மிகுதி. கோயிலும் காணலாம் என்று அங்கே தங்குவோர் உண்டு. அறுவைக்கு முந்திய நாள் அப்படித் தங்குவதில் குற்றமில்லை. அறுவைக்குப் பின், கண்ணில் தூசு படாமல் இருக்க வேண்டிய நாட்களில், அண்ணா நகரையோ மாட்டுத்தாவணிப் பக்கத்தையோ நாடுவதே நல்லது. சித்திரைத் திருவிழா நாட்களில் மதுரையில் அறை கிடைப்பது அரிது. அவசரமில்லாத சிகிச்சையாயின் அந்நாட்களைத் தவிர்த்து நாள் கேளுங்கள்.

நாளைப் பற்றி இன்னும் ஒரு சொல். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பனியன் நிறுவனங்கள் விடுமுறை விடுவதால், அந்நாட்களிலேயே வெளியூர்ச் சிகிச்சையையும் வைத்துக்கொள்ளப் பலர் எண்ணுகின்றனர். கூலி இழப்பு இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்நாட்களில்தான் இரயிலிலும் பேருந்திலும் இடம் கிடைப்பதில்லை. மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளும் விடுமுறையில் இருக்கக்கூடும். நாளை உறுதி செய்யும் முன் அதனைக் கேட்டறியுங்கள். புற்றுநோய், சிறுநீரக நோய், இதய அறுவை முதலியவற்றுக்காகச் செல்லும் நோயாளிக்கும் துணையாளர் ஒருவருக்கும் இரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்குரிய சான்றைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையிலேயே பெற வேண்டும்.

ஆறாம் படி: நோய்க்கேற்ற அறை

பகுதி சரியாக அமைந்தபின் அறையைப் பாருங்கள். எல்லா நோய்க்கும் ஒரே அறை பொருந்தாது.

எலும்பு, மூட்டு, முதுகுத்தண்டு அறுவை செய்துகொண்டவர்க்குத் தரைத்தள அறையோ லிஃப்ட் உள்ள விடுதியோ இன்றியமையாதது. லிஃப்டுக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று கேளுங்கள். வாசலில் உள்ள நான்கு படிகளை மறந்துவிடாதீர்கள். கழிப்பறை வெஸ்டர்ன் வகையாக இருக்க வேண்டும். கட்டில் மிகத் தாழ்வாக இருக்கலாகாது.

புற்றுநோய் மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்க்குத் தனியறையும் தனிக் கழிப்பறையும் வேண்டும். பலர் ஒன்றாகப் படுக்கும் கூடங்கள் மலிவானவை; ஆனால் ஒருவரின் சளியும் காய்ச்சலும் மற்றவர்க்குத் தொற்றும் இடம் அது. புதிதாகச் சமைத்த சூடான உணவும் காய்ச்சி ஆறிய நீரும் பக்கத்தில் கிடைக்கின்றனவா என்று பாருங்கள்.

கண் அறுவை முடிந்தவர்க்குக் கட்டட வேலை நடக்கும் தெருவும், புகை சூழ்ந்த சமையற்கூடத்தின் மேலுள்ள அறையும் ஆகா. கைக்குழந்தையோடு செல்வோர்க்குச் சுடுநீரும் பால் கிடைக்கும் கடையும் வேண்டும். முதியவர்க்கு இரவில் கழிப்பறைக்குச் செல்லும் வழியில் விளக்கு வேண்டும். வழுக்கும் தரை கூடாது.

துணையிருப்பவரையும் மறவாதீர்கள். அவர் உறங்காவிட்டால் மருந்து வேளை தவறும், கோப்புத் தவறும், மருத்துவர் சொன்னது நினைவில் நில்லாது. இரண்டாம் கட்டில் இல்லாத அறையில் தரையில் படுத்துக்கொள்வேன் என்று அவர் சொல்வார். ஓரிரவுக்கு அது போதும். பத்து இரவுக்குப் போதாது.

விடுதியோடு பேசும்போது

அறையைத் தேடத் தொடங்குமுன் செல்லவிருக்கும் மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். பல மருத்துவமனைகளில் துணையாளர்க்கென்று குறைந்த கட்டணத் தங்குமிடம் உண்டு. சில ஊர்களில் அறக்கட்டளைகள் நடத்தும் விடுதிகளும் உண்டு. சத்திரம் கட்டி வழிப்போக்கர்க்கு நிழல் தந்த மரபு நம்முடையது. மதுரை இரயில் நிலையத்தின் எதிரே இராணி மங்கம்மாள் பெயரில் நிற்கும் சத்திரம் அதற்குச் சான்று. கேட்பதில் கூச்சம் வேண்டா.

தனியார் விடுதியாயின், முன்பணம் அனுப்புமுன் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்:

1. மருத்துவமனையின் எந்த வாயிலுக்கு அருகில்? நடந்தால் எத்தனை நிமிடம்?
2. அறை எந்தத் தளம்? லிஃப்ட் உண்டா? மின்சாரம் நின்றால் லிஃப்ட் இயங்க ஜெனரேட்டர் உண்டா?
3. இரவில் வாயிற்கதவைப் பூட்டுவார்களா? நள்ளிரவில் திறந்துவிட ஆள் இருப்பாரா?
4. இரவில் அழைத்தால் வரும் ஆட்டோக்காரரின் எண் விடுதியில் கிடைக்குமா?
5. வாடகை 24 மணி நேரத்துக்கா, குறித்த நேரத்தில் காலி செய்ய வேண்டுமா? கூடுதலாக ஒருவர் தங்கினால் எவ்வளவு?
6. சிகிச்சை நீண்டால் அதே அறையில் தொடரலாமா? முன்னதாக முடிந்தால் மீதி முன்பணம் திரும்பக் கிடைக்குமா?
7. சுடுநீர் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?

முதலில் இரண்டு இரவுக்கு மட்டும் பணம் கட்டுங்கள். மருத்துவர் பார்த்து, எத்தனை நாள் ஆகும் என்று சொன்னபின் நீட்டிக்கொள்ளலாம். அறைக்குச் சென்றவுடன் பையைப் பிரிக்குமுன் ஒரு வேலை செய்யுங்கள்: நோயாளியை அமரவைத்துவிட்டு, துணையாளர் ஒருவர் அவசரப் பிரிவு வாயில் வரை நடந்து சென்று திரும்பட்டும். எவ்வளவு நேரம் ஆயிற்று, வழியில் விளக்கு உண்டா, எங்கே ஆட்டோ நிற்கிறது என்பனவெல்லாம் அந்த ஒரு நடையில் தெரிந்துவிடும். சரியில்லை எனத் தோன்றினால் அன்றே அறையை மாற்றுங்கள். நள்ளிரவில் மாற்ற முடியாது.

பயிற்சி

இவ்விதழைப் படித்து முடித்ததும் உங்கள் பரிந்துரைக் கடிதத்தின் பின்பக்கத்தில் ஐந்து வரிகள் எழுதுங்கள். செல்லும் வளாகத்தின் பெயர், நோயாளியால் நடக்க இயலும் தொலைவு, தங்கவேண்டிய இரவுகள், அறையும் ஆட்டோவும் சேர்ந்த நாட்செலவு, இரவு இரண்டு மணிக்கு மருத்துவமனையை அடையும் வழி. ஐந்து வரியும் நிரம்பினால் நீங்கள் புறப்படலாம். ஏதேனும் ஒரு வரி நிரம்பாவிட்டால், புறப்படுமுன் எங்கள் உதவி மேசைக்கு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.

நோயின் போக்கு நம் கையில் இல்லை. சிகிச்சையின் வழி மருத்துவரின் கையில் இருக்கிறது. நோயாளி இரவில் எங்கே தலைசாய்க்கிறார் என்பது மட்டும் முழுமையாக நம் கையிலேயே இருக்கிறது. அதனை நன்றாகத் தேர்ந்தெடுத்துச் சென்று நலத்துடன் ஊர் திரும்புங்கள்.